வயலில் இளைஞர்கள் ஏன் இல்லை? டெல்டாவிலிருந்து சில குறிப்புகள்

15 ஜூன் 2025, காலை (வாசகர் ஒருவர் எழுப்பியது)

மேட்டூர் அணை திறந்து மூன்று நாள் ஆகிறது. எங்கள் ஊரில் சேடை ஓட்டும் வேலை, அதாவது தண்ணீர் கட்டி உழுது வயலைச் சேறாக்கும் வேலை, ஆரம்பித்துவிட்டது. வயலில் நிற்பவர்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். பையன்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குச் சேற்றில் கால் வைக்கக் கூச்சம், உடம்பு வணங்கவில்லை. லாபமில்லை, தண்ணீரில்லை என்பதெல்லாம் சாக்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

15 ஜூன் 2025, இரவு

மறுக்கிறேன். எனக்கு மன்னார்குடிப் பக்கம், வயது 34. அப்பாவின் பதினைந்து மா நிலத்தை, அதாவது ஐந்து ஏக்கரை, இப்போது நான்தான் பார்க்கிறேன்.

எங்கள் தெருவிலிருந்து போன பையன்கள் சிங்கப்பூர் வெயிலில் நின்று கம்பி கட்டுகிறார்கள். திருப்பூரில் சாயப்பட்டறையில் நிற்கிறார்கள். சென்னையில் ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உடம்பு வணங்காதவன் இந்த வேலைகளில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். அதனால் சோம்பேறித்தனம் என்ற காரணத்தை முதலில் எடுத்து வைத்துவிடலாம்.

பாலத்துக் கட்டையில் இருக்கும் பையன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் ஐயா. எங்கள் ஊரில் ஒருவன் என்னிடம் சொன்னது இது: "வயலுக்குப் போனா அப்பா சொல்றதைத்தான் செய்யணும்க்கா. அறுவடை முடிஞ்சாலும் கையில ஒரு ரூபா இருக்காது." இதை விரிவாக எழுத வேண்டும். நாளை நாற்றங்காலில் விதை விடுகிறோம், அப்புறம் வருகிறேன்.

18 ஜூன் 2025

சாக்கு என்று சொன்ன தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. 2020-இல்தான் மறுபடி அந்தத் தேதி வந்தது. இந்த எட்டு வருடத்தை ஒரு பையனின் வயதோடு வைத்துப் பாருங்கள். 1998-இல் பிறந்தவனுக்கு 2012-இல் பதினான்கு, 2019-இல் இருபத்தொன்று. நாற்றுக்கட்டு தூக்கவும், வரப்பு அண்டை வெட்டவும், மடை மாற்றவும் அப்பாவோடு போய்க் கற்றுக்கொள்கிற வயது அதுதான். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவர்கள் குறுவை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், செய்தார்கள். மற்றவர்கள் நிலம் ஆவணி வரை வெடித்துக் கிடந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நிலத்தடி நீர் உப்பு, போர் போட்டும் பயனில்லை. 2016-17 வறட்சியில் மழைக்கால நெல்லான சம்பாவும் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டது.

அந்த வயதில் ஒரு பையன் வீட்டில் பார்த்தது அம்மாவின் நகை அடகுக்குப் போனதைத்தான். விவசாயத்தை அவன் கற்றுக்கொள்ளவே வாய்ப்பில்லாமல் போனது. கற்காத வேலைக்கு ஏன் வரவில்லை என்று இப்போது கேட்கிறோம்.

சரி, 2020-க்கு அப்புறம்? 2022-இல் மே மாதமே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் அக்டோபரில் நின்றுபோனது, பக்கத்து ஊர்களில் குறுவை கருகியது. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறப்பு. உச்ச நீதிமன்றம் 2018-இல் நமக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது. அந்தத் தண்ணீர் எந்த மாதம் வரும் என்பது வானத்தைப் பொறுத்து, அப்புறம் கர்நாடகத்தைப் பொறுத்து. மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்த வேலையை ஒருவன் தேர்ந்தெடுத்தால் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

22 ஜூன் 2025

கணக்கு கேட்டிருந்தார்கள். எங்கள் வயலின் கணக்கையே சொல்கிறேன்.

குறுவையில் ஏடிடி 43 என்ற சன்ன நெல் ரகம் போட்டால் ஏக்கருக்கு நல்ல வருடத்தில் 22 குவிண்டால் வரும். போன பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,450 ரூபாய். ஏக்கருக்கு ஏறத்தாழ 54,000. செலவு: உழவு, சேடை, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, கம்பைன் (அறுவடை இயந்திரம்) வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி வந்துவிடும். மிச்சம் 24,000. ஐந்து ஏக்கருக்கு 1,20,000. சம்பாவில் மழை கெடுக்காவிட்டால் கொஞ்சம் குறைவாக இன்னொரு தடவை இதே மாதிரி. ஆக, எல்லாம் சரியாக நடந்த வருடத்தில் மாதத்துக்குப் பதினெட்டாயிரம் என்று வைக்கலாம். திருப்பூரில் கிடைப்பதற்கு இது ரொம்பக் குறைவில்லை.

ஆனால் ஐந்து ஏக்கர் எத்தனை பேரிடம் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி 0.75 ஹெக்டேர். ஏக்கரில் 1.85. அந்த அளவு நிலத்துக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் மாதம் ஏழாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும், அதுவும் இரண்டு போகமும் தப்பாமல் வந்தால். இந்தியா முழுவதற்குமான 2018-19 மாதிரி ஆய்விலும் விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய், அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 மட்டும். கூலியிலிருந்து வந்தது 4,063. விவசாயி என்று எழுதிக்கொள்ளும் வீட்டில் கூலிதான் முதல் வருமானம்.

இதில் ஒரு ஆளுக்கே பற்றாத இடத்தில் அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேரும் எப்படி நிற்பார்கள்?

23 ஜூன் 2025

"வீட்டு ஆட்களின் உழைப்பைச் செலவில் சேர்க்கவில்லையே" என்று கேட்ட தம்பிக்கு: தெரிந்துதான் விட்டேன், ஏனென்றால் யாரும் அதைக் கூலியாகக் கொடுப்பதில்லை. அரசு ஆதரவு விலை போடும்போது குடும்ப உழைப்பைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். நிலத்தின் வாடகையையும் முதலுக்கான வட்டியையும் முழுமையாகச் சேர்ப்பதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் கேட்டதும், சங்கங்கள் இன்றுவரை கேட்பதும் அந்த வித்தியாசத்தைத்தான். கணக்கில் உழைப்புக்கு மதிப்பு உண்டு, வீட்டில் அந்த மதிப்பு பையன் கைக்குப் போவதில்லை.

6 ஜூலை 2025

நடவு முடிந்தது. எழுதுவதாகச் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

என் அண்ணன் விவசாயத்தை விட்டுப் போனதற்குத் தண்ணீரும் விலையும் பாதிக் காரணம். மீதிப் பாதி எங்கள் அப்பா. அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வயலில் நின்றவர், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே ஈரம் போதுமா என்று சொல்லிவிடுவார். ஆனால் அண்ணனுக்கு இருபத்தாறு வயது ஆனபோதும் அந்த வயலில் ஒரு முடிவுகூட அவன் எடுத்ததில்லை. எந்த ரகம், எப்போது உழவு, யாரிடம் உரம், எல்லாம் அப்பா. போர் போடலாம் என்று அண்ணன் கேட்டான், கடன் வேண்டாம் என்றார். வரப்பில் தென்னை வைக்கலாம் என்றான், நிழல் விழும் என்றார். ஒரு மா நிலத்தில் மட்டுமாவது கயிறு பிடித்து வரிசை நடவு போட்டுப் பார்க்கிறேன் என்றான். ஊர் சிரிக்கும் என்றார்.

நெல் போட்ட பணம் அப்பாவின் வங்கிக் கணக்குக்குப் போகும். அண்ணன் பெட்ரோலுக்கு அப்பாவிடம் கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகச் சட்டை எடுக்கவும் கேட்க வேண்டும். கூட்டாளி ஒருவன் திருப்பூரிலிருந்து வந்து அவன் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தான். அதற்கு அடுத்த மாதம் அண்ணன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து நடக்க முடியாமல் ஆனதும் வந்தேன். அவர் கொடுத்து நான் வாங்கவில்லை, அவரால் முடியாமல் போனதால் என் கைக்கு வந்தது. அதே போர், அதே வரிசை நடவு, இன்று இரண்டும் எங்கள் வயலில் இருக்கின்றன. அண்ணன் கேட்டபோது கொடுத்திருந்தால் அவன் இங்கேயே இருந்திருப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் பையனை வயலுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கிறார்கள். வந்தவனிடம் எதை ஒப்படைக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொள்வதற்கு யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

7 ஜூலை 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பெரியவர், "அப்படியானால் அப்பன்மாரெல்லாம் வில்லன்களா" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் கஞ்சிக்கு அலைந்த பெரியவர்களை எங்கள் அப்பா பார்த்திருக்கிறார். அந்தப் பயம் நியாயமானது. பட்டா பெயரில் இருக்கும்வரை மரியாதை இருக்கும் என்று அவர் நினைத்தார். ஓய்வூதியம் இல்லாத மனிதருக்கு நிலம்தான் ஓய்வூதியம். முதியோருக்கு உருப்படியான பாதுகாப்பு இல்லாததும் இளைஞர் வயலுக்கு வராததற்கு ஒரு காரணம் என்று யோசிக்க யோசிக்கத் தோன்றுகிறது.

9 ஜூலை 2025

கொங்குப் பக்கத்துத் தம்பி ஒருவர் சொல்வது: அவர்கள் ஊரில் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள், காரணம் மாடு. பால் பணம் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறது, கறந்தவர் பெயரில் வருகிறது. இது ரொம்ப முக்கியமான விஷயம். நெல்லில் பணம் வருடத்துக்கு இரண்டு தடவைதான். நடுவில் இருக்கும் மாதங்களுக்குக் கடைக்காரரிடம் கடன். எங்கள் ஊரில் மாடு குறைந்துவிட்டது, மேய்ச்சல் நிலமும் இல்லை. நெல்லை மட்டும் நம்பின ஊரில்தான் இளைஞர்கள் அதிகமாகக் காணாமல் போகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

20 ஜூலை 2025

ஒருவர் எழுதியிருக்கிறார்: "காலனிப் பையன்கள்கூட வேலைக்கு வருவதில்லை, நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது." இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நாம் 'இளைஞர்' என்று பேசும்போது நிலம் உள்ள வீட்டுப் பையனையே நினைத்துக்கொள்கிறோம். கீழத்தஞ்சையில் நிலமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வயல் என்றால் வேறு நினைவு. நிலக்காரரிடம் கட்டுண்டு உழைக்கும் பண்ணையாள் முறை இங்கே இருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டிய அளவுக்கு இருந்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்களின் பாட்டிமார் பேரனிடம் "நீ படிச்சு வெளியே போயிடு" என்றுதான் சொல்வார்கள். அவன் போவது அந்தப் பாட்டிக்கு வெற்றி. அதைக் குறை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நூறு நாள் வேலையின் கூலி இந்த ஆண்டு தமிழ்நாட்டில் நாளுக்கு 336 ரூபாய். அதில் இருபது வயதுப் பையன்கள் நிற்பதை நான் பார்த்ததே இல்லை, நிற்பவர்கள் நடுத்தர வயதுப் பெண்களும் முதியவர்களும். அதோடு, வயல் வேலை எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது? அறுவடையைக் கம்பைன் எடுத்துக்கொண்டது. நடவில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கையால் நடுவதற்குப் பல ஊர்களில் வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பேசின தொகைக்கு வேகமாக முடித்துவிட்டுப் போகிறார்கள். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் இருக்கிற வேலைக்காக ஒருவன் ஊரில் காத்திருக்க முடியாது.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நிலம் கிடைத்த இடங்களில் கதை வேறு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பு வழியாக இந்தப் பகுதியில் நிலமற்ற பெண்கள் பெயரில் நிலம் வாங்கிப் பதிந்தார்கள். அப்படி நிலம் வந்த ஒரு வீட்டுப் பெண் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் இருக்கிறார். அவர் மகன் கொத்து வேலைக்கும் போகிறான், தங்கள் மூன்று மா நிலத்தில் சம்பாவும் போடுகிறான். வயல் தன் வீட்டு வயல் என்பதால் வருகிறான்.

3 ஆகஸ்ட் 2025

நிலமில்லாதவன் குத்தகைக்கு எடுத்துச் செய்யலாமே என்ற கேள்வி. செய்கிறார்கள். மாவுக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சு. எழுத்து கிடையாது. எழுதினால் குத்தகைதாரர் உரிமைப் பதிவில் ஏறிவிடும், பிறகு நிலம் திரும்பி வராது என்று நிலக்காரர்களுக்குப் பயம். 1969-இன் அந்தச் சட்டம் குத்தகைக்காரனைக் காப்பாற்ற வந்தது. அந்தக் காலத்தில் பலரைக் காப்பாற்றியது. இன்று புதிதாக வருகிற இருபத்தைந்து வயதுக்காரனுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காமல் போனதற்கும் அந்தப் பயமே காரணம்.

காகிதம் இல்லையென்றால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேட்டில், பெயர் இல்லை. அடங்கல் இல்லையென்றால் கூட்டுறவுப் பயிர்க்கடன் கஷ்டம், காப்பீடு கஷ்டம், வெள்ள நிவாரணம் பட்டாதாரருக்குப் போகும். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடத்துக்குக் கொடுக்கும் பிஎம் கிசான் 6,000 ரூபாயும் நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். இந்த வருட ஆரம்பத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் போட்டார்கள், அங்கேயும் பட்டாதான் கேட்டார்கள்.

ஆந்திராவில் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பதினொரு மாதத்துக்கு ஒரு அட்டை, நிலத்தின் உரிமைக்கு அதனால் பாதிப்பு இல்லை, அட்டையை வைத்துக் கடனும் காப்பீடும் கேட்கலாம். நில உரிமையாளர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கேயும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இருந்தாலும் சரியான திசை அதுதான் என்று நினைக்கிறேன். இளைஞருக்காக என்று தனியாக ஒரு திட்டமும் வேண்டாம், குத்தகைக்கு ஒரு பயமில்லாத காகிதம் கொடுத்தால் போதும்.

4 ஆகஸ்ட் 2025

பிஎம் கிசான் பற்றி ஒரு சேர்க்கை. அந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-ஐ வரம்பாக வைத்தார்கள். அதற்குப் பிறகு அப்பா இறந்து வாரிசாக நிலம் வந்தால் மகனுக்குத் தகுதி உண்டு. அப்பா உயிரோடு இருந்து எழுதிக் கொடுத்தால் தகுதி இல்லை. தன் காலத்திலேயே பிள்ளையிடம் நிலத்தை ஒப்படைக்கும் பெரியவருக்கு உதவி செய்ய வேண்டிய அரசு, இந்த விதியை வைத்தது எனக்கு மிகுந்த வருத்தம்.

11 செப்டம்பர் 2025

கல்யாணம். இதை யாரும் எழுதவில்லையே என்று காத்திருந்தேன்.

விவசாயம் பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதில்லை. பத்து ஏக்கர் உள்ளவனை விட்டுவிட்டு மாதம் இருபதாயிரம் சம்பளக்காரனுக்குக் கொடுக்கிறார்கள். காவிரியின் மேல் பக்கமும் இதே கதைதான். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் மாண்டியாப் பக்கத்துக் கல்யாணமாகாத விவசாயி இளைஞர்கள் பெண் கிடைக்க வேண்டி மலை மாதேஸ்வரன் கோவிலுக்கு நடந்தே போனார்கள்.

பெண் வீட்டாரைத் திட்டுவது சுலபம். நான் பெண்ணாக இருந்து சொல்கிறேன்: அந்த வீட்டுக்குப் போகும் பெண் என்ன ஆவாள்? விடியற்காலை மாட்டுக்கொட்டகை, ஆட்களுக்குச் சமையல், களத்தில் தூற்றல், எல்லாம் அவள். நிலம் மாமனார் பெயரில், பணம் மாமனார் கணக்கில். மகனுக்கே ஒன்றுமில்லாத இடத்தில் மருமகளுக்கு என்ன இருக்கும்? நாட்டில் சாகுபடி நிலங்களில் பெண்கள் பெயரில் நடப்பவை ஏறத்தாழ 14 சதவீதம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் சீர் செய்துவிட்டோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு அலுவலகத்தில் பயிர் விவரம் பதியப் போனபோது "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா" என்று கேட்டார்கள். விதை விட்டது நான், உரம் போட்டது நான், கேள்வி அப்பாவைப் பற்றி. இளைஞர்கள் வரவில்லை என்று கவலைப்படும்போது இளம்பெண்களையும் சேர்த்துக் கவலைப்படுங்கள்.

24 அக்டோபர் 2025

எங்கள் குறுவை நெல் சாலை ஓரத்தில் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இந்த மழையில் எப்படிக் காயும்? காலையில் விரித்தால் மத்தியானம் மழை. 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டிருக்கிறது. அடி மூட்டைகளில் முளை வந்துவிட்டது.

குவிண்டால் 2,545 என்று இந்த வருடம் விலை கூடியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் எடை போடும் நாள் எப்போது என்று தெரியாது, மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்பதும் நிற்கவில்லை.

எங்கள் குவியலுக்குப் பக்கத்துக் குவியல் இருபத்துமூன்று வயதுப் பையனுடையது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு முதல் முறையாகத் தன் பொறுப்பில் பயிர் வைத்தவன். விளைச்சலில் எங்களைவிட நன்றாக எடுத்திருந்தான். ராத்திரி அங்கேயே படுத்து நெல்லைக் காவல் காத்தான். நேற்று என்னிடம் "விளைய வைக்கிறது எனக்குக் கஷ்டமா தெரியலக்கா, விக்கிறதுக்குத்தான் கெஞ்ச வேண்டியிருக்கு" என்றான். அவன் அடுத்த வருடம் இருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்க வேண்டும். ஒரு கூரையும் ஒரு உலர்த்தும் இயந்திரமும் இருந்திருந்தால் அவனுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

25 அக்டோபர் 2025

இன்று எடுத்துக்கொண்டார்கள். முளைத்த மூட்டைகள் கழிந்துவிட்டன.

16 நவம்பர் 2025

ஐடி வேலையை விட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள் பற்றிக் கேட்டார்கள்.

இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவால் வந்தவர்கள் நிறைய. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 2006-இலிருந்து நெல் திருவிழா நடத்தி, வந்தவர்களுக்கு விதை கொடுத்து, அடுத்த வருடம் இரண்டு மடங்காகத் திருப்பித் தரச் சொன்னார். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி போன்ற பாரம்பரிய நெல் ரகங்கள் இன்று கடைகளில் கிடைப்பதற்கு அவர்கள் காரணம். நானும் இரண்டு மா நிலத்தில் அப்படி ஒரு ரகமான தூயமல்லி போடுகிறேன்.

ஆனால் வந்து நிலைத்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் சேமிப்போடு வந்தவர்கள், நேரே அரிசியாக்கி நகரத்தில் விற்கத் தெரிந்தவர்கள். பாரம்பரிய ரகம் உயரமாக வளரும், காற்று மழையில் சாயும், விளைச்சல் குறைவு. கொள்முதல் நிலையத்தில் அதற்குத் தனி விலை கிடையாது. சென்னையில் ஆள் தெரியாத உள்ளூர்ப் பையனிடம் அதைப் போடச் சொன்னால் அவனுக்கு நஷ்டம். இவர்களைக் காட்டி "பார், எல்லாரும் திரும்பி வருகிறார்கள்" என்று பத்திரிகைகள் எழுதும்போது, ஊரிலேயே இருந்து செய்பவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று தோன்றும்.

7 டிசம்பர் 2025

நவம்பர் கடைசி மழையில் சம்பா முழுகி, வடிந்து, இப்போது தேறி வருகிறது. நல்ல செய்தி ஒன்று எழுதலாம்.

எங்கள் ஊரில் இரண்டு பையன்கள் சேர்ந்து ட்ரோன் வாங்கி மருந்து அடிக்கிறார்கள். பத்து லிட்டர் தொட்டி, ஒரு ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. முதல் நாள் ஊர்ப் பெரியவர்கள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள், தும்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொருவன் வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரம் வைத்திருக்கிறான். கம்பைன் போன பின்னால் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கட்டிக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறான். ஒருவன் இயந்திர நடவுக்குத் தட்டில் நாற்று வளர்த்து விற்கிறான், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கற்றுக்கொண்டது. இந்த நான்கு பேரும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்த அன்றே பணம், அவரவர் கணக்கில். யாரையும் கேட்காமல் முடிவு எடுக்கிறார்கள்.

பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் என்று 2023-இல் மத்திய அரசு அறிவித்தது. எங்கள் ஒன்றியத்தில் ஒரு பெண் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஒருவர், "இவர்கள் எல்லாம் விவசாயியா, வாடகைக்காரர்கள்" என்று எழுதியிருக்கிறார். நாற்று விட்டுக் கொடுப்பவனை விவசாயி இல்லை என்று சொன்னால் அப்புறம் யார்தான் மிஞ்சுவார்கள் ஐயா?

18 ஜனவரி 2026

பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தான். வயலைச் சுற்றிப் பார்த்தான், போர் எத்தனை அடி என்று கேட்டான், வரிசை நடவில் தூர் எண்ணிப் பார்த்தான். அப்பா நாற்காலியைக் களத்தில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். இந்தக் குறிப்புகளில் எழுதியதையெல்லாம் நான் அவரிடம் நேரிலும் பேசியிருக்கிறேன். அவர் எனக்கு ஐந்து மாவும் அண்ணனுக்கு ஐந்து மாவும் எழுதித் தருகிறேன், மீதி ஐந்து அம்மாவுக்கும் தனக்கும் இருக்கட்டும் என்றார். அண்ணன் உடனே திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் பங்கில் இந்த வருடம் என்ன போடுவது என்று மட்டும் அவனே சொல்லியிருக்கிறான்: அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிக்க வேண்டும், கம்பைனின் பெல்ட் ஏறி நசுக்காமல் இருக்க அவன் நிலத்தைக் கை அறுப்பு அறுக்க வேண்டும். கூலி அவன் அனுப்புகிறானாம்.

20 ஜனவரி 2026

எழுதித் தர எவ்வளவு செலவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த அளவு.

எழுதிக் கொடுத்த பின் பிள்ளைகள் கைவிட்டால் என்ன செய்வது என்று கேட்ட பெரியவருக்கு: 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் பத்திரத்தில் அந்த வரியை நானே எழுதச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

பத்திரம் பதிந்ததும் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும், இல்லையென்றால் கூட்டுப் பட்டாவாகவே நின்று மறுபடி அதே சிக்கல் வரும். சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. கிடைத்ததும் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.